பவுண் தேயாமல் நகை கழுவுவது எப்படி?

கல்யாணமோ திருவிழாவோ நெருங்கிவிட்டால் நகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு செட்டியார் தெருவுக்கு ஓடுவது எங்கள் ஒருகொடவத்தைப் பக்கத்தில் வழக்கம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இதே கதைதான். கடைக்காரர் சற்று நேரத்தில் புதுசாக்கித் தந்துவிடுவார். அந்தச் சற்று நேரத்தில் என்ன நடக்கிறது என்பது பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொலிஷ் மெழுகு தடவிய துணிச் சக்கரம் வேகமாகச் சுழல, அதில் நகையைப் பிடிக்கிறார்கள். கீறல் விழுந்த மேற்பரப்பு உராய்ந்து போகிறது. அடியிலிருக்கும் தங்கம் மினுங்குகிறது. உராய்ந்து போனதும் தங்கம்தான். பட்டறைத் தூசியைக் கூட்டிச் சேர்த்து உருக்கி எடுக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல.

கணக்குப் பார்ப்போம். ஒரு பவுண் 8 கிராம். 2025இல் 22 கரட் பவுண் ஒன்றின் விலை 3 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. 3 இலட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் 37,500 ரூபாய். கிராமில் பத்திலொரு பங்கு 3,750 ரூபாய். வருடா வருடம் பொலிஷ் போட்ட சங்கிலியில் அந்தப் பத்திலொரு பங்கு எந்த வருடம் போனதென்று யாருக்கும் தெரியாது.

வீட்டிலிருக்கும் நகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொலிஷ் தேவையே இல்லை. அவற்றை மங்க வைத்திருப்பது எண்ணெய், பவுடர், சந்தனம், வியர்வை, சவர்க்காரப் படிவு, அதன் மேல் ஒட்டிய தெருத்தூசி. பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கிற இடத்தில், இரவு பகலாகக் கொள்கலன் லொறி ஓடுகிற ஊரில், அந்தத் தூசிக்குப் பஞ்சமில்லை. இதைப் போக்க இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வீடு தேடி வந்து, கண்ணெதிரே கழுவித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் எதையும் கழற்றிக் கொடுக்காதீர்கள். அவருடைய சட்டியில் இருப்பது தண்ணீராக இருக்காது. நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராசதிராவகம் தங்கத்தையே கரைக்கும். நகை பளிச்சென்று உங்கள் கைக்குத் திரும்பும். கரைந்த தங்கம் சட்டியோடு அவருடன் போகும்.

முதலில் பிரித்து வையுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் கொட்டி ஊறவைப்பதில்தான் அனேகமான நகைகள் கெடுகின்றன. மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து நகைகளைப் பரப்புங்கள். கல் இல்லாத தங்கம் ஒரு பக்கம். கல் வைத்த தங்கம் இன்னொரு பக்கம். முத்து, பவளம் தனியாக. வெள்ளி தனியாக. கவரிங் தனியாக. எந்தக் கூட்டத்தில் சேர்ப்பதென்று சந்தேகம் வந்தால், இருப்பதில் மென்மையான கூட்டத்தில் சேருங்கள்.

பழைய நகைகளில் இன்னொரு சோதனையும் வேண்டும். பாட்டி காலத்துக் காப்பு, தோடு சிலவற்றில் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். அளவுக்கு நிறை குறைவாகவும், விரலால் தட்டினால் மொத்தென்ற சத்தத்தோடும் இருந்தால் சந்தேகப்படுங்கள். சூடு பட்டால் அரக்கு இளகும்; தண்ணீர் உள்ளே போனால் இலேசில் வெளியே வராது. அவற்றை நனைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிறகு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கல் தளர்ந்திருந்தால் கிலுகிலுவென்று கேட்கும். சங்கிலியின் கொக்கி தேய்ந்திருக்கிறதா, தோட்டின் சுரை இறுக்கமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கழுவுமுன் இதைச் செய்யாவிட்டால், கழுவும்போது விழுந்த கல் ஏற்கெனவே விழுந்துவிட்டதா இப்போதுதான் விழுந்ததா என்று வீட்டில் ஒரு வழக்கே நடக்கும்.

கல் இல்லாத தங்கம்

22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். மிச்சம் பெரும்பாலும் செப்பும் வெள்ளியும். தங்கம் கறுப்பதில்லை, கறுப்பது இந்த மிச்சம்தான். ஆகவே சங்கிலி கழுத்தில் கறுப்புக் கோடு போட்டால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். வியர்வையும் முகப்பவுடரும் சேர்ந்து உராய்ந்தாலும் அப்படிக் கோடு விழும்.

கழுவும் இடம் முக்கியம். குழாயடியில் வேண்டாம். கட்டாயம் அங்கேதான் என்றால் பேசினின் ஓட்டையை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதைவிட மேசையில் ஒரு கண்ணாடிக் கோப்பை வைத்துச் செய்வது நல்லது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் இரண்டு மூன்று துளி விடுங்கள். குழந்தைகளின் ஷாம்பூவும் நல்லது. நகையைப் போட்டு இருபது நிமிடம் மறந்துவிடுங்கள். வேலையில் பாதியை ஊறல்தான் செய்கிறது. பொறுமை இல்லாதவர்கள்தான் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

பூந்திக்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. தட்டார்கள் தலைமுறை தலைமுறையாக நகை கழுவியது அதில்தான். நாலைந்து கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். அதை வடித்து, சூடு தணிந்தபின் நகையைப் போடுங்கள். புறக்கோட்டையில் மருந்துச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கவனம்.

ஊறியபின் குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷால் தேயுங்கள். முதலில் பின்பக்கம். அழுக்கு குடியிருப்பது அங்கேதான். முன்பக்கத்தைத்தான் எல்லோரும் தேய்க்கிறார்கள். சங்கிலியை உள்ளங்கையில் பரப்பி, கண்ணி போகிற வாக்கில் பிரஷை இழுங்கள். குறுக்கே தேய்த்தால் மெல்லிய கண்ணிகள் முறுகும். பிறகு தேத்தண்ணி வடியில் நகையை வைத்து நல்ல தண்ணீரை ஊற்றி அலசுங்கள். சுரை, கழன்ற கல் எதுவாக இருந்தாலும் வடியில் தங்கிவிடும். சவர்க்காரம் மிச்சமிருந்தால் காய்ந்தபின் அதுவே மங்கலாகத் தெரியும். எனவே இரண்டு தடவை அலசுங்கள்.

துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துண்டு சிறந்தது. ஒற்றியெடுத்து, விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விட்டு, முழுதாகக் காய்ந்தபின் எடுத்து வையுங்கள். டிஷ்யூத் தாள் வேண்டாம். அதன் நார் கொக்கிகளில் சிக்கிக்கொள்ளும்.

பற்பசை போட்டுத் தேய்க்கலாமே என்று கேட்காத வீடில்லை. பளிச்சென்று ஆவது உண்மைதான், ஏனென்றால் பற்பசையில் இருப்பது உராய்வுத் தூள். பல்லின் எனாமல் தங்கத்தைவிடப் பலமடங்கு கடினம். பல் தாங்குவதைத் தங்கம் தாங்காது. பட்டறைச் சக்கரம் செய்கிற அதே வேலையை நீங்கள் குளியலறையில் ஒழுங்கில்லாமல் செய்கிறீர்கள், அவ்வளவுதான். சாம்பல், செங்கல் தூள், பாத்திரம் தேய்க்கும் கட்டிச் சவர்க்காரம் எல்லாம் இதே கணக்கு.

கழிப்பறைத் திரவத்தையும் வெளுப்பான்களையும் தொடும்போது மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். குளோரீன் தங்கத்தோடு கலந்த செப்பையும் வெள்ளியையும் தாக்கும். பற்றவைத்த மூட்டுகள் வெடித்து, ஒரு நாள் கொக்கி காரணமில்லாமல் அறும். 18 கரட்டிலும் வெள்ளைத் தங்கத்திலும் இந்த ஆபத்து அதிகம். பாதரசம் அதைவிட மோசம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மோமீற்றர் உடைந்தால் மோதிரக் கையால் கூட்டாதீர்கள். தங்கத்தில் பட்ட இடம் வெள்ளையாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அப்படி வெளுத்த நகையை அடுப்பில் காட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எழும் ஆவி நஞ்சு.

தாலிக்கொடி

ஒற்றைப்படைப் பவுணில், ஒன்பதோ பதினொன்றோ போட்டுச் செய்த யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியைக் கொழும்பில் தினமும் கழுத்தில் போடுபவர்கள் குறைவு. அது வங்கிப் பெட்டகத்தில் இருக்க, கழுத்தில் மெல்லிய கொடி ஒன்று இருக்கும். எதுவாக இருந்தாலும் கொடியின் பின்னல் இடுக்கில்தான் அழுக்கு உறைகிறது. சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து அங்கே கட்டியாகிவிடும். இதற்கு இருபது நிமிடம் போதாது. ஒரு மணி நேரம் ஊறவிட்டு, இடையில் தண்ணீரை மாற்றி, கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தேய்க்க வேண்டும். ஊசியால் கிண்டாதீர்கள். ஊசி எடுக்கிற அழுக்கைவிட அது போடுகிற கீறல் அதிகம்.

தாலியைக் கழற்றக் கூடாது என்று நினைப்பவர்களோடு எனக்கு வாதமில்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு கொடியைக் கழற்றுவது பழைய வழி. அதற்கும் மனம் வராவிட்டால், தோளில் துவாய் போட்டுக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர் தோய்த்த பருத்தித் துணியால் கழுத்திலேயே துடைத்து, நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள். மாதத்துக்கு ஒருதரம் இப்படிச் செய்தால் அழுக்கு கட்டியாகாது.

கல் வைத்தவை

இரத்தினபுரிக் கல் போட்ட மோதிரம் ஒன்றாவது இல்லாத வீடு இங்கே அபூர்வம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல்லும் மாணிக்கமும் 9, புஷ்பராகம் என்று நாம் சொல்லும் மஞ்சள் நீலக்கல்லும் அதே 9. இவற்றுக்கு முன்சொன்ன சவர்க்காரத் தண்ணீர் போதும். வைரத்தில் எண்ணெய் இலேசில் ஒட்டும். மூக்குத்தியும் வைரத்தோடும் இரண்டு வாரத்தில் மங்குவது அதனால்தான். கல்லின் முகத்தை எத்தனை துடைத்தாலும் பயனில்லை. வெளிச்சம் திரும்ப வேண்டிய அடிப்பக்கத்தில் எண்ணெய் இருக்கிறது. பிரஷை அங்கே கொண்டுபோக வேண்டும்.

தெருத்தூசியில் உள்ள குவார்ட்ஸ் மணல் 7. மீட்டியாகொடையின் சந்திரகாந்தக் கல் 6க்குச் சற்று மேல். அதாவது தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்தால் தூசி கல்லைக் கீறும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிடுங்கள், பிறகு துணியை எடுங்கள். சந்திரகாந்தக் கல்லைச் சூட்டிலிருந்து குளிருக்குத் திடீரென்று மாற்றவும் கூடாது, வெடிக்கும். மரகதத்தின் உள் வெடிப்புகளை எண்ணெய் ஏற்றி மறைப்பது வழக்கம் என்பதால் அதற்கும் வெந்நீர் ஆகாது. மலிவாக வாங்கிய பெரிய சிவப்புக் கல்லில் கண்ணாடி நிரப்பியிருக்கக்கூடும்; தேசிக்காய்ப் புளி பட்டாலே அது அரிக்கப்பட்டுவிடும்.

கல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்திருந்தால் பயமில்லை. பழைய அட்டியல், பதக்கங்களில் பின்பக்கம் மூடி, கல்லுக்கு அடியில் மினுக்குத் தகடு வைத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுக்கும், கல் குருடாகும், பிறகு பத்தர் கல்லைக் கழற்றித்தான் சரி செய்ய வேண்டும். இவற்றை ஊறவைக்கவே கூடாது. அரைகுறையாய் ஈரமான துணியால் முகத்தை மட்டும் துடைத்து, முகம் கீழே பார்க்கக் காயவிடுங்கள்.

முத்தும் பவளமும் வேறு சாதி. இரண்டும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. புளி பட்டால் கரையும். தேசிக்காய், பழப்புளி, வினாகிரி எதையும் அருகே கொண்டு போகாதீர்கள். சென்ட், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பின்னரே முத்துமாலையைப் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் அதுதான். மெல்லிய ஈரத்துணியால் ஒவ்வொரு முத்தாக உருட்டித் துடைத்து, மாலையைத் தட்டையாகப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். தொங்கவிட்டால் ஈர நூல் இழுபடும். மன்னார் முத்து என்று பாட்டி சொல்லிக் கொடுத்தது ஏதாவது இருந்தால் அதன் நூலையும் பாருங்கள். முத்துக்கிடையில் நூல் தெரியத் தொடங்கினால் திரும்பக் கோர்க்கும் காலம் வந்துவிட்டது.

நவரத்தின மோதிரம் வைத்திருப்பவர்களுக்கு: அதில் வைரமும் இருக்கிறது, முத்தும் பவளமும் இருக்கின்றன. மோதிரத்தை முத்துக்கு ஏற்றபடிதான் கழுவ வேண்டும்.

வெள்ளி

வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். நம்முடைய கால்வாய்களின் அழுகல் நாற்றத்தில் இருக்கும் ஐதரசன் சல்பைட்டு வெள்ளியின் மேல் கறுப்பு வெள்ளிச் சல்பைட்டுப் படலமாகிறது. இறப்பர் பட்டி, முட்டை, வெங்காயம் ஆகியவற்றிலிருந்தும் கந்தகம் வரும். கொலுசை இறப்பர் பட்டி போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி. திருநீறு போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு வெள்ளியும் போகும்; அலுமினிய வழியில் வெள்ளி திரும்பி வரும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியில், சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளை மினுங்கும் பக்கம் மேலே இருக்க விரியுங்கள். அதன் மேல் வெள்ளி நகையைத் தாளில் தொடும்படி வையுங்கள். தொடாவிட்டால் வேலை நடக்காது. ஒரு லீற்றர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஊற்றுங்கள். கூழ்முட்டை மணம் வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகிறது என்று அர்த்தம். சில நிமிடத்தில் எடுத்து அலசித் துடையுங்கள். கடும் கறுப்பென்றால் தாளை மாற்றி இன்னொரு தடவை.

கல் அல்லது முத்து வைத்த வெள்ளிக்கும், வேலைப்பாடு தெரிவதற்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளிக்கும் இது வேண்டாம். பின்னதில் அழகே போய்விடும்.

கவரிங் நகைக்குச் சொல்ல அதிகமில்லை. போட்டுக் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள், நனைக்காதீர்கள். மேற்பூச்சு போனால் போனதுதான்.

எங்கே வைப்பது

தங்கம் தங்கத்தைக் கீறும், வைரம் எல்லாவற்றையும் கீறும். ஆகவே ஒன்றுக்கு ஒரு சிறு பருத்திப் பை. சங்கிலிகளைக் கொக்கி மாட்டிய நிலையில் வையுங்கள், சிக்கல் விழாது. வெள்ளியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோ, இல்லாவிட்டால் வெண்கட்டித் துண்டு இரண்டோ போட்டால் ஈரம் இழுக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றால் இது இன்னும் அவசியம். முத்தை மட்டும் அப்படி அடைக்காதீர்கள். அதிகம் உலர்ந்தால் வெடிப்பு விழும், துணிப்பையே நல்லது.

களனி கங்கை பெருகினால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்பதை 2016 மே மாதத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகள் பார்த்தன. நகைப் பெட்டியை அலுமாரியின் கீழ் லாச்சியில் வைக்காதீர்கள். வெள்ளச் சேறு பட்ட நகை கிடைத்தால் துடைக்காமல், முதலில் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். சேற்றில் மணல் இருக்கிறது. சேறு முழுதாகப் போனபின்தான் சவர்க்காரமும் பிரஷும்.

கடைக்கு எப்போது

கல் தளர்ந்தால், கொக்கி தேய்ந்தால், மூட்டு விட்டால், வெள்ளைத் தங்கத்தின் ரோடியம் பூச்சு போய் மஞ்சள் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. கல்யாணத்துக்கு ஆழமான கீறல் போக வேண்டும் என்றால் பொலிஷும் போடுங்கள், தவறில்லை. கல்லின் மீதோ தங்கத்தின் கரட் மீதோ சந்தேகம் இருந்தால், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் பரிசோதிக்கக் கேட்கலாம்.

எங்கே கொடுப்பதானாலும் முதலில் வீட்டில் கழுவிக் காயவைத்து, கிராமில் நூறிலொரு பங்கு வரை காட்டும் சிறு தராசில் நிறுத்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கோடு கொடுத்தால், குறைந்த நிறை அழுக்கின் நிறை என்று சொல்ல இடமிருக்கும். கொடுக்கும்போது நிறையைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள், வாங்கும்போது உங்கள் கண் முன்னால் மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். வங்கியில் அடைவு வைத்து மீட்கும்போதும் இதே முறைதான். குறைந்திருந்தால் அங்கேயே, அந்த மேசையடியிலேயே கேட்டுவிடுங்கள்.